செம்மண் சேற்றில் ஓட்டிய எம்டிபியை (மலைப்பாதை சைக்கிளை) எப்படிக் கழுவிப் பராமரிப்பது?

கோத்தகிரி ரைடர்:
வணக்கம். போன கோடையில் ஒரு ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத) எம்டிபி வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், பின்னால் 10 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஒரு சுற்றுப் போய் வந்தாலே சைக்கிள் முழுக்கச் செம்மண் அப்பிவிடுகிறது. சாயங்காலம் கழுவி நிறுத்தினால் காலையில் செயினில் துரு பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன், மோட்டார் பைக் கழுவும் வாட்டர் வாஷ் கடையில் விடச் சொல்கிறார். அம்மா செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். இன்னொன்று, ஹேண்டில்பாருக்குக் கீழே கேபிள் உரசி ஃபிரேமில் பெயிண்ட் போகத் தொடங்கியிருக்கிறது. இங்கே மழையில் ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

குன்னூர் பல்சக்கரம்:
தம்பி, வாட்டர் வாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். கார் கழுவுகிற அந்தப் பிரஷர் பம்ப், ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கப் எல்லாவற்றிலும் உள்ள ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே கிரீஸ் கரைந்து பால்ரஸ் துருப்பிடிக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கரகரவென்று கேட்டபிறகுதான் தெரியும். சேற்றினால் கெட்ட சைக்கிளைவிடக் கழுவிக் கெட்ட சைக்கிள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகிறது.

ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் கார் ஷாம்பூவும் போதும். சேறு காய்ந்திருந்தால் உடனே தேய்க்காதீர்கள், செம்மண்ணில் இருக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி பெயிண்டை அறுக்கும். குவளையால் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், பாதிச் சேறு தானாக வழிந்துவிடும். அப்புறம் மேலிருந்து கீழாக மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து வாருங்கள். செயினுக்கு ஒரு பழைய டூத் பிரஷ், டிஸ்க்குக்குத் தனியாக ஒரு சுத்தமான ஸ்பாஞ்ச். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. செயினில் பட்ட பிரஷ் டிஸ்க்கில் பட்டால் பிரேக் போயிற்று.

செயினில் கறுப்பு மசி ஏறியிருந்தால் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் தேய்க்கலாம், கடையிலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள், தெறித்தாலும் டிஸ்க்கில் படாது. சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்து, டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பேட் நடுவே ஓர் அட்டைத்துண்டைச் செருகி வைத்தால் பயமில்லை. அழுக்கு டீசலைத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். பாட்டிலில் ஊற்றி வைத்தால் மசி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் துருவுக்குக் காரணம் கழுவியது இல்லை, துடைக்காமல் விட்டதுதான். நம் ஊர் மூடுபனியில் எதுவும் தானாகக் காயாது. சைக்கிளைத் தூக்கி இரண்டு தடவை தரையில் தட்டுங்கள், பழைய வேட்டித் துணியால் செயினை இறுக்கிப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சீட் கம்பியையும் உருவிப் பாருங்கள். அது வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபிரேமுக்குள் தங்கும். சில ஃபிரேமில் கிராங்க் (பெடல் கை சுற்றும் இடம்) அடியில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும், சேறு அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும்.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெய் நம் குளிரில் உறைந்துவிடும், அம்மாவுக்கே தெரியும், பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே தலைக்குப் போடுகிறோம். தையல் மிஷின் எண்ணெய் முதல் மழையிலேயே கழுவிப் போய்விடும். டபிள்யூடி-40ஐ 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டத்தான் உருவாக்கினார்கள். கழுவிய செயினில் ஈரத்தை எடுக்க அது நல்லதுதான், அதையே எண்ணெயாக நம்பி ஓட்ட முடியாது. மழைக்காலத்துக்கு வெட் லூப் (ஈரத்துக்கான செயின் எண்ணெய்) என்று கேட்டு வாங்குங்கள், மாசிக்கு மேல் மண் புழுதியானதும் டிரை லூப் (புழுதிக்கானது). செயின் நன்றாகக் காய்ந்தபிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் உள்பக்கமாக ஒரு சொட்டு, இரவில். காலையில் வெளிப்பக்கத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்யும் இடம் கண்ணிக்குள்ளே, வெளியே நிற்பது மண்ணைத்தான் பிடித்து வைக்கும்.

ஒரு இரும்பு ஸ்கேலும் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 இடைவெளி எண்ணி அளந்தால் சரியாக 30.48 செ.மீ. உங்கள் 10 கியர் செயினில் அது தேய்ந்து நீண்டு 30.7ஐத் தொட்டால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரமும் தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

முத்துநகர்:
அண்ணன் சொன்னதோடு கேபிள் விஷயம் மட்டும். கார் ஸ்டிக்கர் கடையில் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க ஒட்டும் ஃபிலிம்) என்று கேளுங்கள், காருக்கு ஒட்டி மிச்சமான துண்டு கிடைக்கும். உரசும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஃபிரேமின் அடிக்குழாயிலும் ஒட்டினால் கல் தெறித்துக் கீறாது. செயின் அடிக்கிற பின்கம்பிக்குப் பஞ்சரான பழைய டியூபைச் சுற்றினாலே போதும். எங்கள் தூத்துக்குடியில் சேறு இல்லை, உப்புக்காற்றுதான். உலோகக் கம்பியாக இருந்தால் சீட் கம்பியைக் கழற்றும்போதெல்லாம் கிரீஸ் தடவித்தான் போடுவோம். தடவாமல் விட்டால் ஃபிரேமோடு இறுகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கோத்தகிரி ரைடர்:
ரொம்ப நன்றி. ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் எண்ணெய் ஏதும் தடவணுமா? முன் பிரேக் வேறு மழையில் கீச்சென்று கத்துகிறது.

குன்னூர் பல்சக்கரம்:
ஃபோர்க்குக்கு எதுவும் அடிக்காதீர்கள், ஸ்பிரே சீலுக்குள் போனால் உள்ளே இருக்கும் எண்ணெயைக் கெடுக்கும். ஒவ்வொரு தடவை ஓட்டியபிறகும் குழாயையும் சீல் விளிம்பையும் சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

பிரேக் ஈரத்தில் மட்டும் கத்தி, காய்ந்ததும் அடங்கினால் விட்டுவிடுங்கள். காய்ந்தபிறகும் கத்தி, பிடிப்பும் குறைந்திருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. டிஸ்க்கை ஆல்கஹாலால் துடையுங்கள், பேடை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாத பேடை மாற்றுவதுதான் வழி, கோத்தகிரி இறக்கத்தில் பாதிப் பிரேக்கோடு இறங்கக் கூடாது. மாற்றுவதற்கு முன் காலிப்பர் (பேடைப் பிடித்திருக்கும் பாகம்) ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள், கசிந்தால் புதுப் பேடும் வீணாகிவிடும். புதுப் பேட் போட்டதும் சமதளத்தில் கொஞ்சம் வேகமெடுத்து, முழுசாக நிறுத்தாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஒரு 20 தடவை இப்படிச் செய்தபிறகு இறக்கத்துக்குப் போங்கள்.