மாடி பாத்ரூமில் வெந்நீர் வரவில்லை

மாலதி: மாடி ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருகிறீர்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

குமார்: தொட்டியில் தண்ணீர் இருக்கா?

மாலதி: முக்கால் தொட்டி. பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

பெரியப்பா: மாலதி, பதறாதே. முதலில் ஒரு குழாயிலா, எல்லாவற்றிலுமா என்று பார். ஒன்றில் மட்டும் என்றால் அதன் வாய்ச் சல்லடையைக் கழற்றித் தட்டு, வெள்ளைப் பொடி கொட்டும். எல்லாவற்றிலும் என்றால் தொட்டியடியில் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வைப் பார். பிடி முழுதாகச் சுற்றும், உள்ளே தகடு பாதியில் நிற்கும், வெளியே தெரியாது. அப்புறம் உயரம். 10 மீட்டருக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உன் ஷவர் தொட்டிக்கு 2 மீட்டர் கீழே, அதாவது 0.2 பார்தான், அதனாலும் வேகம் குறையும்.

வசந்தா அத்தை: அண்ணா, அவள் என்ன பரீட்சையா எழுதப் போகிறாள்?

வசந்தா அத்தை: உயரம் என்றதும் ஞாபகம் வருகிறது. தொட்டிக்கு மேடை கட்டச் சொன்னேன். வீட்டு முகப்பு கெட்டுவிடும் என்றது யார்?

பெரியப்பா: அது வேறு விஷயம்.

குமார்: 😂

சித்தி: நான் கீழ் அறையில்தான் படுப்பேன். முட்டி வலி.

வசந்தா அத்தை: கீழ் அறை எனக்கென்று போன மாதமே சொல்லியாச்சு.

மாலதி: பார்த்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் பரவாயில்லை. ஷவர், வாஷ் பேசின் இரண்டிலும் வெந்நீர்தான் சொட்டுகிறது.

பெரியப்பா: அப்படியானால் தொட்டி மேல் பழி இல்லை. எல்லாரும் கவனிக்கவும். மாலதி, சமீபத்தில் தொட்டி வற்றியதா?

மாலதி: ஆமாம், போன வாரம். மோட்டார் போட மறந்துவிட்டார்கள்.

மாலதி: யார் என்று சொல்லவில்லை.

பெரியப்பா: அடி வண்டல் குழாயில் இறங்கியிருக்கும். கீசருக்குள் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக்கிலோ, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்ஆர்வி வால்விலோ சிக்கியிருக்கலாம். ஏர் அடைத்திருந்தாலும் இப்படித்தான். முதலில் வெந்நீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றாக முழுதும் திறந்து விடு. சரியாகாவிட்டால் கீசரை அணைத்து, ஆறவிட்டுத்தான் கழற்ற வேண்டும். மேலே இருக்கும் சேஃப்டி வால்வைத் தொடாதே.

மாலதி: திறந்து விட்டேன். கொஞ்ச நேரம் புஸ் புஸ் என்றது. இப்போது கொஞ்சம் தேவலை.

சித்தி: கொஞ்சம் என்றால் தலைக்குக் குளிக்கலாமா?

மாலதி: பொறுமை இருந்தால்.

பெரியப்பா: அந்த ஆங்கிள் காக்கைக் கழற்றிப் பார்த்துவிடுவோம். என் ரிஞ்ச் குமாரிடம் இருக்கிறது.

குமார்: அது என் ரிஞ்ச்.

வசந்தா அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள். ப்ளம்பரைக் கூப்பிடு மாலதி.

மாலதி: சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

சித்தி: அப்போ கீழ் அறை யாருக்கு?