தனிமைத் தொட்டியில் அம்மோனியா ஏறுகிறது, காப்பரைத் தொடரலாமா?

வணக்கம் நண்பர்களே. என் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் மஞ்சள் டாங்குக்கும் இரண்டு கோமாளி மீன்களுக்கும் வெள்ளைப்புள்ளி நோய். உப்பைத் தூவியது போல உடம்பெல்லாம் புள்ளி. இரண்டு நாள் மறைந்து, மறுபடி கூடுதலாக வந்ததால் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து காப்பர் (தாமிரம்). பவளமும் இறாலும் அதைத் தாங்காது என்பதால் மூன்று மீன்களையும் 80 லிட்டர் தனிமைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். மணலும் பாறையும் காப்பரை உறிஞ்சிவிடும், அதனால் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் மட்டும். கீலேட் காப்பரை (வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர் மருந்து) மெதுவாக ஏற்றி இப்போது 2.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.2 பங்கு). 30 நாள் வைக்கத் திட்டம், இன்று 6ஆம் நாள். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியட்டும் என்று பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்கட்டும், அதில் குழப்பமில்லை.

சிக்கல் அம்மோனியாதான். ஸ்பாஞ்ச் ஃபில்டர் புதியது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் இன்னும் வளரவில்லை. நேற்று 0.5 பிபிஎம் காட்டியது. மாற்று நீரிலும் அதே அளவு காப்பர் கலந்து 30% தண்ணீர் மாற்றினேன். காலையில் பார்த்தால் திரும்பவும் 0.5! அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் ஊற்றலாம் என்றால், அது கீலேட் காப்பரோடு சேர்ந்து மீனுக்கே விஷமாகிவிடும் என்கிறார்கள்.

டாங் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

காப்பர் இருக்கும்போதே பாட்டில் பாக்டீரியா சேர்த்து யாருக்காவது பலன் கிடைத்ததா? இல்லை, தினமும் 50% தண்ணீர் மாற்றிச் சமாளிப்பதுதான் நல்லதா? ஒட்டுண்ணியைப் பின்னால் விட்டுவிட, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீன்களை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றும் முறைக்கு இப்போது போகலாமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.