கடல் பால் நிறமாவது, அப்புறம் அதை முடிக்கும் வைரஸ்

தூரநோக்கி:
செயற்கைக்கோள் படம் ஒன்றில், பாலைக் கலக்கிவிட்டது போலக் கடல் வெளிர்நீலமாகத் தெரிந்தது. ஒற்றைச் செல் பாசி பெருகியதால் வந்த நிறமாம், கடைசியில் ஒரு வைரஸ்தான் அதைத் தீர்க்குமாம். அத்தனை பெரிய பரப்பையா? அந்த நீரில் குளித்தால் நமக்குத் தொற்றுமா?

குடுவைக்காரி:
முதலில் பயத்தை விடுங்கள், நமக்குத் தொற்றாது. அந்த வைரஸ் பற்றிக்கொள்வது எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற பாசியை. ஆறு வருடமாக ஆய்வகத்தில் அதை வளர்க்கிறேன். மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்குதான் இருக்கும். உடம்பு முழுக்கச் சுண்ணாம்புத் தகடுகள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வண்டிச் சக்கரம் போல ஆரக்கால்களோடு தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நன்றாக வளர்ந்த குடுவையை வெளிச்சத்தில் பிடித்தால் நீர் கலங்கலாக இருக்கும். அதில் ஒரு சொட்டு வைரஸ் விட்டால் நாலைந்து நாளில் தெளிந்துவிடும், அடியில் வெள்ளைத் தூள் மட்டும் படிந்திருக்கும். ஒரு செல் வெடித்தால் நூற்றுக்கணக்கான வைரஸ்கள் வெளியே வரும். பெருக்கத்தின்போது செல்கள் நெருக்கமாக இருப்பதால் அடுத்த செல் உடனே அகப்படும். பரப்பு பெரிதாக இருப்பது வைரஸுக்குத் தடையே இல்லை.

1999இல் ஆங்கிலக் கால்வாயில் பிடித்த ஒரு வைரஸின் மரபணுத் தொகுதியை 2005இல் முழுதும் படித்தார்கள். சுமார் 4 லட்சம் எழுத்துகள், வைரஸுக்கு அது மிகப் பெரிது. பாசியிடமிருந்து வந்த, கொழுப்புப் பொருள் செய்யும் மரபணுக்களும் அதில் இருந்தன. அவற்றைக் கொண்டு வைரஸ் ஆக்கும் கொழுப்பே பாசியைத் தன்னைத்தானே சாகவைக்கிறது.

இன்னொன்று, நீங்கள் படத்தில் பார்த்த வெண்மையில் பெரும்பங்கு உதிர்ந்த தகடுகளாகவே இருக்கலாம். செல் செத்த பிறகும் அவை கொஞ்ச காலம் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும்.

உப்புக்காற்று:
கூடவே ஒன்று. சயனோபாக்டீரியாவை (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) தாக்கும் சில கடல் வைரஸ்கள் ஒளிச்சேர்க்கை மரபணுவையே வைத்திருக்கின்றன. தாங்கள் பெருகி முடியும்வரை செல்லின் ஒளிச்சேர்க்கை நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.

தூரநோக்கி:
சரி, இவ்வளவு வேகமாகக் கொன்றால் அந்தப் பாசி இன்னும் எப்படி மிஞ்சியிருக்கிறது?

குடுவைக்காரி:
நானும் இதே கேள்வியோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். தகடு போட்ட செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதி. அதற்கு ஒற்றைத் தொகுதி கொண்ட இன்னொரு வடிவமும் உண்டு: சுண்ணாம்பு இல்லை, சாட்டை போன்ற இரண்டு கசையிழைகளால் நீந்தும். அந்த வடிவத்தை இந்த வைரஸால் ஒன்றும் செய்ய முடியாது. 2008இல்தான் இதைக் கண்டறிந்து எழுதினார்கள்.

ஒருமுறை தெளிந்துபோன குடுவையைக் கொட்ட மனமில்லாமல் விளக்கடியிலேயே விட்டுவைத்தேன். மூன்று வாரம் கழித்து நீரில் லேசாக நிறம் ஏறியிருந்தது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். தகடு ஒன்றுகூட இல்லை; சின்னச் சின்ன செல்கள் விர்ரென்று நீந்திக்கொண்டிருந்தன. அந்தக் குடுவையின் வழிவந்ததை இன்னும் வளர்க்கிறேன்.