அட்வகசிக்கு 'உரிமைக்கேட்பு' சரிவருமா?

வணக்கம் ஐயா,

நோயாளிகளின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் 'அட்வகசி லீட்' (advocacy lead) என்ற பொறுப்புக்குப் 'பரிந்துரைத் தலைவர்' என்று எழுதியிருந்தீர்கள். நன்றி. ஆனால் காசநோய்க்காக வேலை செய்யும் எங்கள் தாராவிக் கிளையின் பலகையில் அதை எழுத மனம் ஒப்பவில்லை.

பரிந்துரை என்றாலே சிபாரிசு. வக்காலத்து என்றால் வக்கீல் வந்துவிடுகிறார். பரப்புரை என்றால் தேர்தல் ஜீப். இவற்றில் எதிலும் நோயாளி வாய் திறப்பதே இல்லை.

வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கொடுக்கும் பெடாகுலின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரிக்கும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் இன்னொரு காப்புரிமை விண்ணப்பம் இந்தியாவில் நிறைவேறியிருந்தால், அந்த மாத்திரை மீது அவர்களின் தனியுரிமைப் பிடி 2027 வரை நீண்டிருக்கும். 2019இல் அதை எதிர்த்து மனுக் கொடுத்தவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசி மருந்தால் காது கேளாமல் போனவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் தள்ளுபடியானது. அவர்கள் செய்ததைப் பரிந்துரை என்று எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவிலும் அதே வேலைதான், சின்ன அளவில். மகனின் மாத்திரை தீர்ந்து ஓர் அம்மா மருந்து மையத்துக்குப் போனார். "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். கூடப் போன எங்கள் தன்னார்வலர் மகனின் சிகிச்சை அட்டையை மேசையில் வைத்து, "இல்லைன்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றார். மறுநாள் பக்கத்து மையத்திலிருந்து மாத்திரை வந்துவிட்டது. வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னது: "நாமதான் கேட்டு வாங்கணும் போல."

அந்தக் 'கேட்டு வாங்கற'திலிருந்துதான் 'உரிமைக்கேட்பு' என்று யோசித்தேன். செய்பவர் உரிமைக்கேட்பாளர். 'உரிமைகோரல்' ஏற்கெனவே காப்பீட்டுப் படிவத்தில் உட்கார்ந்துவிட்டது.

கேட்பு என்றால் வங்கியின் கேட்பு வரைவோலை நினைவுக்கு வருமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். வரட்டும். வரைவோலையை நீட்டினால் வங்கி பணம் தந்தாக வேண்டும். இதுவும் அந்த மாதிரிக் கேட்புதான், கருணை மனு அல்ல.

அப்புறம், 'லீட்'டுக்குத் தலைவர் வேண்டாம், பொறுப்பாளர் போதும். அந்த இடத்தில் இருக்கும் அக்கா தானே இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டுத் தேறியவர். பேச வேண்டிய இடத்தில் நோயாளியை முன்னால் விட்டுப் பக்கத்தில் நிற்பார். தலைவர் என்று எழுதினால் அவரே சம்மதிக்க மாட்டார்.

பலகை எழுதுபவர் வெள்ளிக்கிழமை வருகிறார். 'உரிமைக்கேட்புப் பொறுப்பாளர்' நீளமாகத் தெரிகிறதா? இலக்கணத்தில் பிழை இருந்தால் அதற்குள் சொல்லுங்கள் ஐயா.