‘தாத்தா வீடு’ குரூப்: செல்வி ராத்திரி 3 மணிக்கு போட்ட மெசேஜ்

செல்வி (அதிகாலை 3:07)
யாரும் முழிச்சிருக்க மாட்டீங்கனு தெரியும், சும்மா போடுறேன். இன்னிக்கும் தூக்கம் இல்ல. அன்னிக்கு அப்பா நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னப்ப நான் ஏன் ஓமத்தண்ணிய குடுத்துட்டு பேசாம இருந்தேன், ஏன் அப்பவே ஆட்டோவ கூப்பிடல, ஏன் எனக்கு மட்டும் இந்த புத்தி. 7 மாசமா இதேதான் ஓடுது

ராஜேந்திரன் (காலை 5:31)
செல்வி அதையே நினைக்காதம்மா. அப்பாவுக்கு வேள வந்துச்சு போயிட்டார். மனச தைரியமா வச்சுக்க. முருகன் இருக்கார்

சரோஜா (5:50)
செல்வி, உங்க அண்ணன் சொல்றது மருந்து குடிக்கும்போது குரங்க நினைக்காதங்கற கதைதான். நினைக்காதன்னு சொன்னா அதுதான முன்னாடி வந்து நிக்கும். நீ நேத்து ராத்திரி சாப்ட்டியா இல்லையா அத சொல்லு

செல்வி (5:53)
ஒரு இட்லி மதினி. எறங்கல

கவிதா (6:42)
சித்தி இப்பதான் பாத்தேன். நான் கிளினிக்ல டெய்லி இதத்தான் கேக்குறேன், நம்ம வீட்லயே நடக்குறப்ப சும்மா இருக்க முடியாது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் எல்லாரும் படிங்க.

சரோஜா அத்தை சொன்ன குரங்கு கதைய அமெரிக்காவுல நெஜமாவே சோதனை பண்ணி பாத்திருக்காங்க. 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு சைக்காலஜி ஆளு ஸ்டூடன்ட்ஸ உக்கார வச்சு 5 நிமிஷம் வெள்ளைக் கரடிய மட்டும் நினைக்காதீங்க, நெனப்பு வந்தா மணி அடிங்கன்னார். மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. அப்புறம் சரி இப்ப நினைக்கலாம்னு விட்டதும், மொதல்லருந்தே நினைக்க விட்டவங்கள விட இவங்களுக்குதான் கரடி அதிகமா வந்துச்சு. அதனால மாமா, தப்பா நினைக்காதீங்க, ‘நினைக்காத’ங்கறது சித்திக்கு உதவாது. அவங்களால முடியலன்னு இன்னொரு குத்தவுணர்ச்சிதான் சேரும்

ராஜேந்திரன் (6:49)
அப்ப நெனச்சுக்கிட்டே கெடன்னு சொல்லணுமா. பாக்க முடியலம்மா எனக்கு. ஆளு பாதியா போயிட்டா

கவிதா (7:05)
இல்ல மாமா. எப்படி நினைக்கிறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

இதுக்கு ரூமினேஷன்னு பேரு, அசைபோடுறது. சூசன் நோலன்-ஹோக்செமான்னு ஒரு புரொபசர் வாழ்நாள் பூரா இதத்தான் ஆராய்ச்சி பண்ணாங்க, 2013ல இறந்துட்டாங்க, பாவம் 53 வயசுதான். 1989ல அவங்க ஸ்டான்போர்ட் யுனிவர்சிட்டில ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க, மனசு சரியில்லன்னா நீ என்ன பண்ணுவ, உக்காந்து ஏன் ஏன்னு யோசிப்பியா இல்ல எந்திரிச்சு வேற வேல பாப்பியான்னு. ரெண்டு வாரம் கழிச்சு அக்டோபர் 17 சாயங்காலம் அந்த ஊர்ல பெரிய பூகம்பம் வந்துருச்சு, 6.9. பாலமெல்லாம் இடிஞ்சது. யாரும் பிளான் பண்ணி செய்ய முடியாத சோதனை அது. அதே பசங்கள 10 நாள் கழிச்சும் 7 வாரம் கழிச்சும் திரும்ப கேட்டாங்க. முன்னாடியே ஏன் ஏன்னு யோசிக்கிற பழக்கம் இருந்தவங்களுக்குதான் 7 வாரம் ஆகியும் சோர்வு அதிகமா இருந்துச்சு, முன்னாடி அவங்க மனநில எப்படி இருந்துச்சுங்கறத கழிச்சுட்டு பாத்தாலும் அப்படித்தான். பூகம்பம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா

ராஜேந்திரன் (7:12)
அசைபோடுறதுன்னு சொல்லாதம்மா. மாடு அசைபோட்டா செரிச்சிரும், அசைபோடலன்னாதான் நாங்க டாக்டர கூப்பிடுவோம். இது செக்கு மாடு. நடக்கும் நடக்கும் அங்கனயேதான் நிக்கும்

கவிதா (7:13)
அதேதான் மாமா. இனிமே கிளினிக்ல நானும் செக்கு மாடுன்னே சொல்றேன்

அருண் (8:20)
அக்கா ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன். ஒண்ணு கேக்குறேன் கோச்சுக்காத. அம்மா யோசிக்கிறது தாத்தா மேல உள்ள பாசம்தான. அத போயி ஏதோ நோய் மாதிரி சொல்ற

கவிதா (8:41)
பாசத்த சொல்லல அருண். தாத்தாவ நினைச்சு அழறது பாசம், அது இருக்கட்டும், எத்தன வருஷம் வேணா இருக்கட்டும். நான் சொல்றது அந்த ‘ஏன்’. சித்தி மெசேஜ திரும்ப பாரு, ஓமத்தண்ணில ஆரம்பிச்சு ‘எனக்கு மட்டும் ஏன் இந்த புத்தி’ன்னு முடியுது. அதுல தாத்தாவே இல்ல.

யோசிச்சா ஒரு தெளிவு வரும்னுதான் எல்லாரும் யோசிக்கிறாங்க. வராது. 1995ல ஒரு ஆய்வு, மனசு சோர்ந்து இருக்கறவங்கள ரெண்டு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவ வெறும் 8 நிமிஷம் தன்னப் பத்தியே யோசிக்க வச்சாங்க, இன்னொரு பிரிவ தனக்கு சம்பந்தமே இல்லாத எதையோ நினைக்க வச்சாங்க. அப்புறம் சில பிரச்சினைய குடுத்து என்ன செய்வீங்கன்னு கேட்டா, தன்னப் பத்தி யோசிச்சவங்க சொன்ன வழி எல்லாம் மட்டமா இருந்துச்சு. மத்தவங்க சோர்வே இல்லாத ஆளுங்க அளவுக்கு நல்லா சொன்னாங்க. 8 நிமிஷத்துக்கே இப்படி. சித்திக்கு 7 மாசம்

மலர் (9:15)
கவி, நானும் அவளும் தெனம் ராத்திரி ஒம்பதரைக்கு மேல ஒரு மணி நேரம் போன்ல பேசுறோம். அந்த நாளப் பத்தியேதான். பேசி தீத்துட்டா பாரம் எறங்கும்னு நெனச்சேன். தப்பா அது?

கவிதா (9:34)
அம்மா இதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. அமாண்டா ரோஸ்னு ஒருத்தவங்க 2002ல பள்ளிக்கூடப் பிள்ளைங்கள வச்சு பண்ணது. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் ஒரே கவலைய திரும்பத் திரும்ப பேசுனா நெருக்கம் கூடுது, அது நெஜம், ஆனா கூடவே சோர்வும் பயமும் அதிகமா இருக்கு. அதனாலதான் இத கண்டுபிடிக்கவே கஷ்டம், வெளிய பாத்தா அவ்ளோ பிரியமா இருக்கும். நீங்க பேசுறத நிறுத்த வேணாம். ராத்திரி படுக்கப்போற நேரத்துல வேணாம், சாயங்காலம் பேசுங்க, பாதி நேரமாச்சும் வேற பேச்சா இருக்கட்டும்

மலர் (9:36)
சரி. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. நானே அவள சுத்தவிட்டிருக்கேன்

செல்வி (9:58)
அக்கா நீ பேசலன்னா நான் என்ன ஆயிருப்பேனோ. அப்படி சொல்லாத.
கவி நான் என்ன பண்ணணும் சொல்லு. நான் ஓமத்தண்ணி குடுத்தது குடுத்ததுதான, அத மாத்த முடியுமா

கவிதா (10:20)
மாத்த முடியாது சித்தி. நான் டாக்டர் இல்ல, அப்பவே போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்கள சமாதானப்படுத்த சொல்ற பொய்யாயிடும்.

ஒண்ணு செஞ்சு பாப்போமா. இங்கிலாந்துல எக்ஸிடர்னு ஒரு ஊர், அங்க எட்வர்ட் வாட்கின்ஸ்னு ஒருத்தர் இந்த சுழலுக்குன்னே ஒரு சிகிச்சை வச்சிருக்கார். ‘ஏன்’னு கேட்டா மனசு மேல மேல போயி கடைசில ‘நான் எப்பவுமே இப்படித்தான்’ல போயி நிக்கும். அதே விஷயத்த என்ன நடந்துச்சு, எப்படி நடந்துச்சு, அடுத்து என்னன்னு ஒவ்வொரு படியா பாத்தா தரையில நிக்கும், அதுதான் அவர் சொல்ற வித்தியாசம். அன்னிக்கு மத்தியானத்துலருந்து நடந்தத மட்டும் எழுதுங்க. ‘ஏன்’ங்கற வார்த்தையே வேணாம்

செல்வி (11:02)
மத்தியானம் அப்பா கடைய பூட்டிட்டு வந்தார். கறிக்கொழம்பு. ரெண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கி சாப்ட்டார். 4 மணிக்கு நெஞ்சு கரிக்குதுடி ஓமத்தண்ணி இருந்தா குடுன்னார். நான் அடுப்புல வச்சு ஆத்தி குடுத்தேன், சின்ன எவர்சில்வர் டம்ளர்ல. குடிச்சிட்டு நல்லா ஏப்பம் விட்டார், இப்ப தேவலன்னார். அருண் போன் பண்ணான், ஸ்பீக்கர்ல போட்டு எப்படா லீவுன்னு கேட்டு சிரிச்சார். நியூஸ் பாத்தார். ஏழரைக்கு வேர்க்குது ஃபேன கூட்டுன்னார். தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு. எதுத்த வீட்டு தம்பி ஆட்டோதான், உடனே ஏத்திட்டோம். என் மடியிலதான் தல இருந்துச்சு

செல்வி (11:04)
அவராத்தான் கேட்டார் ஓமத்தண்ணி. நானா குடுக்கல. இத்தன நாளா நானா குடுத்த மாதிரியே இருந்துச்சு எனக்கு

அருண் (11:09)
அம்மா அந்த போன் எனக்கு ஞாபகம் இருக்கு. தாத்தா குரல் நல்லாதான் இருந்துச்சு. எனக்கும் ஒண்ணும் தெரியல

சரோஜா (11:15)
செல்வி நான் மத்தியானம் வாறேன். புளிக்கொழம்பு வச்சிருக்கேன்

கவிதா (11:30)
சித்தி இத எழுதுனது சின்ன விஷயம் இல்ல. ஒரே நாள்ல சரியாயிடாது, ராத்திரி திரும்ப வரும். வந்தா சண்ட போடாதீங்க, ‘ஏன்’ வந்துருச்சுன்னு கவனிச்சுட்டு எந்திரிச்சு விளக்க போட்டு கையில ஏதாச்சும் வேல எடுங்க. தையல் மெஷின் இன்னும் மூடிதான் கெடக்கா?

செல்வி (11:33)
ஆமா. அதுக்கு மேல துணி மடிச்சு வச்சிருக்கேன். காரியம் முடிஞ்சதுலருந்து தொடல. பக்கத்து வீட்டுப் பொண்ணோட பிளவுஸ் 3 அப்படியே இருக்கு, அவளும் பாவம் கேக்கல

கவிதா (11:51)
மனசு நல்லானா தைக்கலாம்னு காத்திருக்காதீங்க, வேல மொதல்ல, மனசு பின்னாடி வரும். கோவால விக்ரம் படேல்ங்கற மனநல டாக்டரோட டீம் 10 ஆரம்ப சுகாதார நிலையத்துல டிப்ரெஷன் இருந்த 495 பேர வச்சு இத சோதிச்சாங்க, 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. பேசுனவங்க டாக்டர் கூட இல்ல, அந்த ஊர் ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து 6 லேருந்து 8 தடவ உக்காந்து, விட்டுப்போன வேலைய சின்னச் சின்னதா திரும்ப ஆரம்பிக்க வச்சாங்க. 3 மாசத்துல நூத்துக்கு 64 பேருக்கு டிப்ரெஷன் எறங்கிடுச்சு, வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 39. மொத்த பிளவுஸும் வேணாம், இன்னிக்கு ஒண்ணுக்கு ஹூக் மட்டும் வைங்க.

ஆனா சாப்பாடு எறங்காம தூக்கம் இல்லாம 7 மாசம்னா கண்டிப்பா டாக்டர பாக்கணும். நம்ம ஜிஎச்ல மனநலப் பிரிவு ஓபி இருக்கு. ராத்திரில தாங்கலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு இல்ல, தமிழ்ல பேசுவாங்க. ஒரு விஷயம் தனியா கேக்கணும், இப்ப கூப்பிடுறேன் எடுங்க

ராஜேந்திரன் (மதியம் 12:10)
நான் வியாழக்கிழம லீவு போடுறேன். செல்வி காலைல 8 மணிக்கு ரெடியா இரு, வண்டில கூட்டிட்டு போறேன். நான் இனிமே நினைக்காதன்னு சொல்ல மாட்டேம்மா

செல்வி (இரவு 9:47)
கவி சொன்ன மாதிரி சாயங்காலமே அக்காகிட்ட பேசிட்டேன், அப்பா அவளுக்கு சைக்கிள் கத்துக்குடுத்த கத சொன்னா, எனக்கு தெரியவே தெரியாது அது.
பச்ச பிளவுஸுக்கு 5 ஹூக் வச்சிருக்கேன். நூல் ஊசில கோக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு, கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. அண்ணே வியாழக்கிழம 8 மணி சரி