விளக்கு எரிகிறது, பாக்கெட் மட்டும் போய்ச் சேரவில்லை: போர்ட் சேனல் அனுபவங்கள்

இரண்டு கட்டடங்களின் சுவிட்சுகளை இரண்டு ஃபைபர் லிங்குகளால் இணைத்து ஒரே போர்ட் சேனலாக (பல லிங்குகளை ஒன்றுபோல் இயங்கக் கட்டிய தொகுப்பு, அதாவது பண்டில்) வைத்திருந்த ஓர் அலுவலகத்தில், சில சர்வர்கள் மட்டும் கிடைக்கவில்லை என்ற புகாரைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஒரே கணினியிலிருந்து ஒரு முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) தடையின்றிச் சென்றது. அடுத்த முகவரிக்குப் பதிலே இல்லை. எல்லாப் போர்ட்டுகளிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஃபைபருக்கும் சுவிட்சுக்கும் நடுவே, ஃபைபரின் ஒளியைச் செப்புக் கேபிளுக்கேற்ற மின்சமிக்ஞையாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர்கள் இருந்தன. ஃபைபர் அறுந்திருந்தாலும் கன்வெர்ட்டர் வரையிலான செப்புக் கேபிள் நன்றாகவே இருந்ததால், சுவிட்சைப் பொறுத்தவரை லிங்க் விழவில்லை. முகவரிகளை வைத்து ஹேஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு ஒவ்வொரு உரையாடலையும் ஏதேனும் ஒரு லிங்கில் அனுப்புவதுதான் சுவிட்சின் வழக்கம் என்பதால், அறுந்த லிங்குக்கு ஒதுக்கப்பட்டவை மட்டும் காணாமல் போயின. லிங்க் உண்மையிலேயே விழுந்திருந்தால் சுவிட்ச் அதை உடனே நீக்கி, மிச்சமிருக்கும் லிங்குக்கு எல்லாவற்றையும் மாற்றியிருக்கும்.

அங்கே பண்டில் ஸ்டாட்டிக் முறையில், அதாவது இரு முனைகளும் அதைப் பற்றிச் செய்தி பரிமாறிக்கொள்ளாதபடி, கட்டப்பட்டிருந்தது. 2000இல் ஐ.ஈ.ஈ.ஈ. 802.3ஏடி தரத்தோடு வந்த எல்.ஏ.சி.பி. (இரு முனைகளும் அவ்வப்போது செய்தி அனுப்பி லிங்குகளைச் சரிபார்க்கும் நெறிமுறை) இருந்திருந்தால், மறுமுனையின் செய்தி வராததை வைத்தே அந்த லிங்க் கழற்றப்பட்டிருக்கும். மெதுவான முறையில் 30 விநாடிக்கு ஒரு செய்தி, 90 விநாடிக் காலக்கெடு. வேகமான முறையில் 1 விநாடி, 3 விநாடி. எந்த வேகத்தில் செய்தி வேண்டும் என்பதை ஒவ்வொரு முனையும் எதிர்முனையிடம் கேட்டுப் பெறுவதால், ஒரு பக்கம் மட்டும் வேகமாக அமைத்தால் அந்தப் பக்கம் மட்டுமே விரைவில் விழித்துக்கொள்ளும். இரு பக்கமும் அமைத்துவிட்டு ஃபைபரைப் பிடுங்கிப் பார்த்தோம். சில பிங்குகள் தவறியதும் போக்குவரத்து தொடர்ந்தது.

——

மேலே நண்பர் சொன்னதற்குப் பக்கத்துணையாக என் அனுபவம். கன்வெர்ட்டரே இல்லாமலும் இது நடக்கும். ஃபைபர் ஜோடியில் ஓர் இழை மட்டும் பழுதாகி, ஆட்டோ நெகோஷியேஷனும் (இரு முனைகளும் தாமே பேசி லிங்கை அமைத்துக்கொள்ளும் வசதி) அணைக்கப்பட்டிருந்ததால், ஒரு முனை 'டவுன்' என்றும் மறுமுனை 'அப்' என்றும் காட்டியது. அப் என்று காட்டிய முனை தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்தது. அங்கேயும் எல்.ஏ.சி.பி.தான் தீர்வாக அமைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். நான்கு லிங்குகளில் மூன்று போனாலும் பண்டில் உயிரோடுதான் இருக்கும். எஞ்சிய ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு பாக்கெட்டுகள் உதிரும்போதும், பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் இருக்க ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை தடுத்து வைத்திருக்கும் மாற்றுப் பாதை பெரும்பாலும் பயனற்றுக் கிடக்கும். குறைந்தபட்ச லிங்க் எண்ணிக்கையை 2 என்று வைத்தால், அதற்குக் கீழே இறங்கியதும் பண்டில் முழுவதும் விழுந்து மாற்றுப் பாதை திறக்கும்.