குவார் கம்மை மட்டும் வைத்து குர்குமின் மணிகள் செய்ய முடியுமா?

மருந்தாக்க மாணவி:
முதுகலைத் திட்டத்துக்காக, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைப் பெருங்குடல் வரை கொண்டுபோகும் சிறு கூழ் மணிகள் செய்ய வேண்டும். எல்லோரும் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட்டையே எடுக்கிறார்கள். எனக்கு விதைப் பிசினில் செய்ய ஆசை. குவார் கம் (கொத்தவரை விதைப் பிசின்) கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டினால் மணி பிடிக்குமா?

கூழ்மம்:
பிடிக்காது. ஆல்ஜினேட்டைக் கால்சியம் இறுக்குவது அதிலுள்ள எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சில் தொகுதிகளால். குவாரோ மின்னூட்டம் இல்லாத கேலக்டோமன்னன், அதாவது மேனோஸ், கேலக்டோஸ் என்ற சர்க்கரைகளால் ஆன சங்கிலி. இரண்டு மேனோஸுக்கு ஏறக்குறைய ஒரு கேலக்டோஸ் கிளை, அவ்வளவுதான். கால்சியம் பற்றிக்கொள்ள இடமே இல்லை. சொட்டு அப்படியே பரவிப்போகும். போராக்ஸ் இறுக்கும், ஆனால் விழுங்கும் மருந்தில் அதைச் சேர்க்கவே கூடாது. குளுட்டரால்டிஹைடு கட்டுரைகளில் நிறைய வரும். அது நச்சு, மிச்சம் இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஆனாலும் குவாரைக் கைவிடாதீர்கள். நம் செரிமான நொதிகளால் அதை உடைக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியதே அதுதானே! 2% ஆல்ஜினேட்டில் 0.5% குவார் கலந்து தொடங்குங்கள். ஆல்ஜினேட் உருவம் தரும், குவார் பெருங்குடலில் திறந்துவிடும். பொடியை மெல்லத் தூவிக் கலக்குங்கள், மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும்.

எண்ணெய்த்துளி:
ஆளிவிதைப் பிசினையும் பாருங்கள். அதன் அமிலப் பகுதிக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஜெலட்டினோடு சேர்த்து பி.ஹெச். 4 பக்கம் இறக்கினால் இரண்டும் பிணைந்து எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் படியும். மீன் எண்ணெய்க்கு அருமை.

மருந்தாக்க மாணவி:
நன்றி. ஸ்ப்ரே டிரையர் (கரைசலைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும் கருவி) சுலபமாக இருக்குமா?

கூழ்மம்:
குவாருக்கு வேண்டாம். 1 சதவீதத்திலேயே கெட்டியாகிவிடும், நாசில் தெளிக்காது. அரபிக் கம்மை 30% கரைசலாகவே ஓட்டலாம். குவார்தான் வேண்டுமென்றால், பகுதி நீராற்பகுத்த வகையை, அதாவது சங்கிலி நறுக்கப்பட்டுக் கெட்டித்தன்மை குறைந்ததை எடுங்கள்.

அப்புறம், கரைசோதனையில் (மணியிலிருந்து மருந்து வெளியேறுவதை அளக்கும் சோதனை) மருந்து குறைவாகத் தெரிந்தால் மணி நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பி.ஹெச். 7.2, 37 டிகிரி பாஸ்பேட் கரைசலில் குர்குமின் அரை மணி நேரத்தில் 90% வரை சிதைந்துவிடும். வெளியே வந்ததே காணாமல் போயிருக்கலாம். மணிகளைச் சோடியம் சிட்ரேட்டில் கரைத்து, எத்தனாலில் பிரித்து, உள்ளே மிஞ்சியதையும் அளந்து பாருங்கள். குவாரை உடைக்கும் கேலக்டோமனனேஸ் நொதி சேர்த்து ஒரு தொகுதி, சேர்க்காமல் ஒரு தொகுதி என்று ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே வேகத்தில் வெளியேறினால், குவார் அங்கே எந்த வேலையும் செய்யவில்லை.